எதிர்ப்பக்கம் சுற்றிய நட்சத்திரம்

அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. காதோரம் நரைகூட எட்டிப் பார்த்தாயிற்று. ஆனாலும் அந்த வீட்டில் அவள் பெயர் சின்னவள்தான். அண்ணன் அப்படிக் கூப்பிட்டார், அண்ணி அப்படிக் கூப்பிட்டாள், படியில் எதிர்ப்படும் தபால்காரரும் கேட்டுக் கேட்டு அப்படியே கூப்பிட ஆரம்பித்திருந்தார். ஒருத்தியைக் காலம் முழுக்கச் சின்னவள் என்று கூப்பிடுவதில் ஒரு வசதி உண்டு. அவள் தன்னைப் பற்றிப் பெரிதாக ஏதாவது முடிவெடுத்துவிடுவாளோ என்ற பயமே யாருக்கும் வராது.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, "நாலு நாள் எங்க கூட வந்து இருந்துட்டுப் போ" என்று அண்ணன்தான் அவளைக் கூட்டி வந்தார். நல்ல மனதோடுதான் கூட்டி வந்தார், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான். கல்யாணப் பேச்சு ஒன்றிரண்டு தடவை வந்து வாசலோடு திரும்பிப் போனது. அப்புறம் யாரும் அதை எடுக்கவில்லை. அவளுக்கும் அதில் பெரிய வருத்தம் இல்லை. அவளுடைய வருத்தமெல்லாம் பின்னறையைப் பற்றித்தான்.

மூன்றாம் மாடி வீடு. முன்னறை, சமையலறை, பின்னறை. பின்னறைக்குச் சின்னவளின் அறை என்று பெயரே தவிர, அதில் குடியிருந்தது காகிதம். எங்கோ இடித்த வீட்டின் பழைய கதவு ஒன்றை அண்ணன் கொண்டுவந்து இரண்டு டிரங்குப் பெட்டிகளின் மேல் படுக்கப் போட்டிருந்தார். அதுதான் மேஜை. கைப்பிடியைக்கூட யாரும் கழற்றவில்லை. சின்னவள் அதில் கத்தரிக்கோலை மாட்டி வைப்பாள். ஒரு பக்கச் சுவரில் கண்ணாடி பதித்த பீரோ, மறு பக்கத்தில் கட்டில், எதிரே ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவரும் அதற்கு மேலே கொஞ்சம் வானமும் தெரியும். திறந்தால்தானே.

மழை விட்டதும் கிறிஸ்துமஸ் நட்சத்திரச் சீசன் தொடங்கிவிடும். அன்றைக்கே ஜன்னல் சாத்தப்படும். ஃபேன் சுவிட்சின் மேல் அண்ணன் ஒரு பிளாஸ்டர் துண்டை ஒட்டிவிடுவார், யாரும் கை தவறிப் போட்டுவிடக் கூடாதென்று. காகிதப் பட்டைகள் அவ்வளவு லேசானவை. ஒரு காற்று போதும், அறை முழுக்கப் பறந்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கசங்கிவிடும். கசங்கின பட்டையில் நட்சத்திரம் செய்ய முடியாது. எங்கே கசங்கியதோ அந்த வரி முனையில் வந்து நின்று காட்டிக்கொடுக்கும். அதனால் கிறிஸ்துமஸ் வரைக்கும் அந்த அறையில் காற்று கிடையாது. சின்னவள் மடியில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கையைத் துடைத்துத் துடைத்து, பவுடர் தடவித் தடவி உட்கார்ந்திருப்பாள். வேர்வைக் கை பட்டால் வெள்ளைக் காகிதம் மஞ்சளாகிவிடும். 

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம். ஒரு நட்சத்திரத்துக்கு நான்கு பட்டைகள். ஒவ்வொன்றையும் பாதியாக மடித்து, முனையைச் சாய்வாக நறுக்கி, ஒன்றின் மடிப்புக்குள் இன்னொன்றை விட்டு நான்கையும் பின்னி இழுத்தால் நடுவில் சின்னதாக ஒரு சதுரம் இறுகும். மேலே இருக்கும் பட்டைகளை வரிசையாக மறுபக்கம் மடித்து, கடைசிப் பட்டையை முதல் பட்டையின் கீழே செருக வேண்டும். அந்தச் செருகல்தான் பூட்டு. அதற்குப் பிறகு மடித்து மடித்துத் தட்டையாக எட்டு முனைகள், பட்டையைச் சுருட்டிச் சதுரத்துக்குள் நுழைத்து இழுத்தால் கூம்பாக எழும்பி நிற்கும் இன்னும் எட்டு. பசை கிடையாது, நூல் கிடையாது.

"குடும்பம் மாதிரி பாருங்க, ஒண்ண ஒண்ணு பிடிச்சிக்கிட்டுத் தானா நிக்குது" என்று கடையில் அண்ணன் பெருமையாகச் சொல்வாராம். சின்னவள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வாள். மற்ற மூன்றும் தளராமல் அதிலிருந்து ஒரு பட்டையைக்கூட வெளியே எடுக்க முடியாது என்பதும் அவளுக்குத்தானே தெரியும்.

இந்த வேலையை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இரண்டாம் மாடி வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் வாசலில் மாட்டியிருந்த நட்சத்திரம் சாரலில் நனைந்து படியில் விழுந்து கிடந்தது. எடுத்துவந்தாள், பிரித்தாள், மறுபடி சேர்த்தாள். அவளுக்கு எல்லாம் இடது கைதான். அந்தக் கைக்காக அவள் சின்ன வயதில் வாங்காத அடி இல்லை. அடித்தும் திருந்தாத கை, அந்த நட்சத்திரத்தைத் தன் போக்குக்கு எதிர்ப்பக்கமாகப் பின்னிவிட்டது. ஊரில் எல்லோருடைய நட்சத்திரமும் வலப்பக்கம் சுற்றினால் இவளுடையது இடப்பக்கம் சுற்றும். வாங்குகிறவர்கள் அதையெல்லாம் பார்ப்பதில்லை. முனை கூராக இருக்கிறதா, தொங்கவிட்டால் நேராக நிற்கிறதா, அவ்வளவுதான். 

அண்ணன் ஒன்றைக் கொண்டுபோய் அலங்காரப் பொருள் கடையில் காட்டினார். கடைக்காரர் அசந்துபோனார். அதிலிருந்து வருஷா வருஷம் வேலை வந்தது. பஸ் டெப்போவில் உதிரிப் பாகங்கள் எடுத்துக் கொடுக்கும் அண்ணனைக் கடைத்தெருவில் 'நட்சத்திரக்காரர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவர் தன் வாழ்நாளில் ஒரு பட்டையைக்கூட மடித்ததில்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வந்த நாட்களில் அவர் படியேறும் சத்தமே வேறாக இருக்கும்.

அண்ணியின் பங்கு வெளிவேலை. அச்சகத்துக்குப் போய்ப் பட்டை வெட்டிக்கொண்டு வருவாள், ஆன நட்சத்திரங்களை அட்டைப்பெட்டியில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவாள். திரும்பி வரும்போது அவள் புடவையில் வெயில் வாசனை அடிக்கும், வாய் நிறையக் கதை இருக்கும். அச்சகத்தில் யாருக்கு யாரோடு சண்டை, பாலத்தடியில் எந்தக் கடை மூடிவிட்டது, எல்லாம் சொல்வாள். சின்னவள் மடித்துக்கொண்டே கேட்பாள். 

அண்ணிக்கும் வேலையைக் கற்றுக்கொடுக்க முன்பு முயன்றதுண்டு. சின்னவளின் பக்கத்தில் தோளோடு தோளாக உட்கார்ந்து அவள் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் செய்வாள். பூட்டு வரைக்கும் தட்டுத்தடுமாறி வந்துவிடுவாள். பிறகு பட்டை நுழையவேண்டிய வாய் இந்தப் பக்கம் இருக்கும், அண்ணியின் கை அந்தப் பக்கம் போகும். முட்டும், மடங்கும், கிழியும். அண்ணன் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"அது பீச்சாங்கை வேலை. வேற கைக்கு வராது."

அதைக் கேட்டபோது சின்னவளுக்கு உள்ளுக்குள் என்னமோ குளிர்ந்தது. அடி வாங்கின கைக்கு முதல் தடவையாக ஒரு மரியாதை. அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் தன் கதவுக்குத் தாழ்ப்பாளாகும் என்று அப்போது அவளுக்கு எங்கே தெரிந்தது. தையல் பள்ளியில் உதவிக்கு ஆள் வேண்டும் என்று ஒரு வருஷம் கூப்பிட்டார்கள். "சீசன் நேரத்துல போறேங்கறியே, உன்ன விட்டா யாருக்கு வரும்?" என்றார் அண்ணன். சீசன் முடிவதற்குள் அங்கே வேறு ஆள் வந்துவிட்டது.

இந்த வருஷம் அவளுடைய பள்ளித் தோழி ஃபோன் செய்தாள். வேறு ஊரில் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டனாக இருக்கிறவள்.

"சமையல்கட்டையும் சாமானையும் பாத்துக்க நம்பகமான ஆள் வேணும். உன் பேரச் சொல்லியிருக்கேன். தனி ரூம் தருவாங்க. கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னாடி வந்து சேந்துடணும். அதுக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாது, வேற ஆளப் போட்டுடுவாங்க."

"ரூம்ல ஜன்னல் இருக்கா?" என்று கேட்டாள் சின்னவள்.

"இதென்னடி கேள்வி? ஜன்னல் இல்லாத ரூம் உண்டா? ஃபேனும் இருக்கு, கட்டிலும் இருக்கு."

ஃபோனை வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்ச் சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தாள். போக வேண்டும். இந்தத் தடவை போயே ஆக வேண்டும். இன்னொரு சீசன் அந்த அறையில் உட்கார்ந்தால் அங்கேயே செத்துப்போய்விடுவேன் என்று தோன்றியது. யாராவது கேட்டால் அதிகப்படியாகச் சொல்கிறாள் என்பார்கள். அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

சாயங்காலம் அண்ணன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"நல்ல விஷயம்தானே. தாராளமா போ. கிறிஸ்துமஸ் முடியட்டும்."

"அதுக்குள்ள வேற ஆளப் போட்டுடுவாங்க அண்ணா."

"நான் கடைக்காரர்கிட்ட வாக்குக் குடுத்துட்டேனே சின்னவளே. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு. அண்ணிக்கு வந்தா அவள உக்கார வச்சிட்டு உன்ன அனுப்பிடுவேன். அவளுக்குத்தான் வரலையே."

அண்ணன் கத்தவில்லை, மிரட்டவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிடும்போல்தான் பேசினார். அவர் ஒரு தடவையாவது கத்தியிருந்தால் அவள் எப்போதோ போயிருப்பாள். கதவில் பூட்டு இல்லை, கையில் விலங்கு இல்லை, பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினால் யாரும் காலைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. அதுதான் பெரிய கொடுமை. அவர் முகத்தைப் பார்த்தால் கால் எழும்பாது.

"அண்ணி கத்துக்கிட்டா நான் போலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"நானே பஸ் ஏத்தி விடறேன்" என்றார் அண்ணன். சமையலறை வாசலில் கை துடைத்துக்கொண்டு நின்றிருந்த அண்ணி, துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

அடுத்த நாள் மடித்துக்கொண்டிருந்தபோது சின்னவள் கழுத்து வலித்துத் தலையைத் தூக்கினாள். பீரோக் கண்ணாடியில் ஒரு பெண் நட்சத்திரம் பின்னிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் வலது கையாக இருந்தது. பட்டையை வலது கையால் இழுத்து, வலது கையால் செருகி, வலப்பக்கம் சுற்றுகிற நட்சத்திரத்தை எழுப்பிக்கொண்டிருந்தாள். சின்னவள் கையை நிறுத்தினாள். இத்தனை வருஷம் அந்தக் கண்ணாடி அங்கேதான் இருந்தது. இத்தனை வருஷமும் அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படாத பாடு படுத்தியிருக்கிறாள். எதிரே உட்கார வைத்திருந்தால் போதும்.

அண்ணியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தாள். "நான் எந்தக் கைன்னு யோசிக்காதீங்க. என் கை எந்தப் பக்கம் போகுதோ, அதுக்கு எதிர இருக்கற உங்க கை அதே பக்கம் போகட்டும். கண்ணாடி பாக்கற மாதிரி."

இருவர் கையும் கதவின்மேல் சேர்ந்தே நகர்ந்தன. சதுரம் இறுகியது. பூட்டு விழுந்தது. எப்போதும் முட்டி நின்ற இடத்தில் அண்ணியின் பட்டை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அடிப்பாவி, இவ்வளவுதானா?" என்றாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சின்னவள் அன்றைக்கே கட்டிலடியிலிருந்து பையை எடுத்துத் தூசி தட்டினாள்.

ஆனால் மறுநாள் அண்ணியின் கை மறந்துவிட்டது. முதல் நாள் வந்த பூட்டு வரவில்லை. முனைகள் கோணிக்கொண்டன. ஒரு நட்சத்திரம் கையில் எடுத்ததுமே அவிழ்ந்து மேஜையில் கொட்டியது. அதற்கு மறுநாள் இன்னும் மோசம். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. அண்ணி போட்ட மடிப்புகள் கத்திபோல் இருந்தன. செருகும் இடத்தில் மட்டும்தான் கை பிசகியது.

அண்ணன் வந்து குப்பைக் குவியலைப் பார்ப்பார். "நான்தான் சொன்னேனே" என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்ததோ என்று சின்னவளுக்குச் சந்தேகம். தோழி மறுபடி ஃபோன் செய்து, "வரியா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு" என்றாள். "வரேன்" என்று சொல்லிவிட்டாள். எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைக்குப் போகவேண்டிய பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்த மத்தியானம் அது நடந்தது. நட்சத்திரங்களை அடுக்க அவள் கண்ணால் பார்க்க மாட்டாள். கூம்புகளின் மேல் விரலை ஒரு சுற்றுச் சுற்றுவாள், ஏதாவது தளர்ந்திருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். பழகிய விரல் வழுக்கிக்கொண்டே போகும். அன்றைக்கு ஒன்றில் விரல் எதிர்த்துக்கொண்டது. கூம்புகளின் வாய் எல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்துத் திறந்திருந்தன. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

வலப்பக்கம் சுற்றும் நட்சத்திரம். எட்டுக் கூம்பும் ஊசிபோல நிற்கின்றன. நடுச் சதுரம் நகம் நுழையாத இறுக்கம். பெட்டியின் அடியில் துழாவினாள். இன்னொன்று இருந்தது, அதுவும் அதே பக்கம்.

அந்த வீட்டில் வலது கையால் நட்சத்திரம் பின்னத் தெரிந்தவள் ஒருத்திதான். சின்னவள் குளிக்கப் போகிற நேரத்தில், தூங்குகிற நேரத்தில் உட்கார்ந்து செய்திருக்கிறாள். செய்ததைப் பிரித்துப் போட மனம் வரவில்லை. அவ்வளவு அழகாக வந்ததை யாராவது எங்காவது மாட்டட்டும் என்று ஆசைப்பட்டுப் பெட்டிக்குள் நுழைத்திருக்கிறாள். சின்னவளின் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும் என்று அண்ணிக்குத் தோன்றவே இல்லை.

சின்னவளுக்கு வந்த கோபத்தில் காது சூடாகிவிட்டது. ஒரு பக்கம் சந்தோஷம். அண்ணிக்கு வருகிறது, அப்படியென்றால் நான் போகலாம். சாயங்காலம் வரை வாயைத் திறக்கவில்லை. அண்ணன் வந்து உட்கார்ந்ததும் இரண்டு நட்சத்திரங்களை அவர் முன்னால் வைத்தாள்.

"இது என்னுது. இது நான் செஞ்சதில்ல."

அண்ணன் இரண்டையும் தூக்கிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானே?"

"சுத்தறத பாருங்க அண்ணா. இது இந்தப் பக்கம் போகுது. அது அந்தப் பக்கம் போகுது."

"அப்படித் திருப்பிப் பிடிச்சா சரியாயிடும்" என்று சொல்லித் திருப்பினார். மறுபக்கமும் அது வலப்பக்கமே சுற்றியது. அவருக்கு அதுவும் தெரியவில்லை. "ஏதோ தூக்கக் கலக்கத்துல நீயே செஞ்சிருப்ப."

இத்தனை வருஷம் அவருக்குப் பெயரும் நாற்காலியும் வாங்கிக்கொடுத்த பொருள். ஒரு தடவைகூட அவர் அதை நன்றாகப் பார்த்ததில்லை. இந்த உலகத்தில் அந்த வித்தியாசம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருத்தி சுவரோரம் தலை குனிந்து நின்றிருந்தாள்.

"அண்ணி செஞ்சது அண்ணா. அவங்களுக்கு வருது."

அண்ணன் சிரித்தார். "அவளுக்கா? நட்சத்திரமா? உப்புக்குச் சப்பாணியா உன் எதிர்ல உக்காந்து எழுந்து போறவ. அவளுக்கு இந்த ஜென்மத்துல வராது, விடு."

அந்தச் சிரிப்பு இல்லாமல் போயிருந்தால் அண்ணி கடைசி வரைக்கும் வாய் திறந்திருக்க மாட்டாள். நிமிர்ந்தாள். "நான்தான் செஞ்சேன்" என்றாள். "பெட்டியில இன்னொண்ணும் இருக்கு."

அண்ணன் நட்சத்திரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அண்ணனின் முகம் மெதுவாக மலர்ந்தது. ஏன் மறைத்தாய் என்று அவர் கேட்கவே இல்லை. எழுந்து ஃபோனை எடுத்தார்.

"கடைக்காரரா? நான்தான் நட்சத்திரக்காரர். அன்னிக்கு மேற்கொண்டு நட்சத்திரம் கேட்டீங்களே, முடியாதுன்னு சொன்னேனே, எடுத்துக்கலாம். வீட்ல இப்ப ரெண்டு பேருக்கு வருது."

"அண்ணா" என்றாள் சின்னவள். "அண்ணி கத்துக்கிட்டா நான் போலாம்னு சொன்னீங்களே."

"போலாம், யாரு வேணாம்னா? இந்த ஒரு சீசன். ரெண்டு பேரா உக்காந்தா சீக்கிரம் முடிஞ்சிடும். முடிஞ்சதும் முதல் பஸ்ல போ." அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். உண்மையான பாசத்தோடுதான் தடவினார்.

மறுநாள் காலையில் பட்டைக் கட்டுகள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வந்து இறங்கின. பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோகும் வேலையை இனி தானே டெப்போவுக்குப் போகிற வழியில் பார்த்துக்கொள்வதாக அண்ணன் சொல்லிவிட்டார். அண்ணிக்குத்தான் இப்போது உள்வேலை வந்துவிட்டதே. அவர் பிளாஸ்டரை ஒரு தடவை அழுத்திவிட்டு வேலைக்குப் போனார்.

இரண்டு பெண்களும் அந்தப் படுத்த கதவின் இரண்டு பக்கமும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். ஜன்னல் சாத்தியிருந்தது. அண்ணியின் மேலுதட்டில் வேர்வை முளைத்தது. சின்னவள் தன் துண்டை மேஜைமேல் நகர்த்தி வைத்தாள். அண்ணி அதை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு அன்னிக்கே வந்துடுச்சு" என்றாள் அண்ணி, தலை நிமிராமல். "நீ சிரிச்சியே, அன்னிக்கே. ராத்திரி படுத்தா தூக்கம் வரல. இவ போயிடுவா, அப்புறம் நான்தான் இந்த ரூம்ல உக்காரணும்னு பயம் பிடிச்சிக்கிச்சு. எனக்கு இருக்கறதே அந்தக் கடைக்குப் போற வழி ஒண்ணுதான். அதையும் குடுத்துட்டு இங்க வந்து..." மேலே பேசாமல் பட்டையை மடித்தாள்.

"நான் மட்டும் உக்காரலாமா அண்ணி?"

"உக்காரலாமான்னு நான் எப்பவாவது யோசிச்சிருக்கணும். யோசிக்கல." 

கோபத்தைத் தேடிப் பார்த்தாள் சின்னவள். காலை வரைக்கும் இருந்தது, இப்போது கைக்கு அகப்படவில்லை. எதிரே வேர்த்துக்கொண்டிருந்த முகம் கண்ணாடியில் தினமும் பார்த்த முகம் மாதிரியே இருந்தது.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மடித்தார்கள். திடீரென்று அண்ணி கையிலிருந்ததை வைத்துவிட்டு எழுந்தாள். சுவிட்ச் பலகையின் அருகே போய் நகத்தால் பிளாஸ்டரைச் சுரண்டி உரித்தாள்.

"அண்ணி, பேப்பர்..."

அண்ணி சுவிட்சைப் போட்டாள். பழைய ஃபேன் முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது. கட்டுகளின் மேல் பட்டைகள் முதலில் விளிம்பில் துடித்தன, அப்புறம் ஒன்றிரண்டாக எழும்பின, அப்புறம் அறை முழுக்கப் பறந்தன. கட்டில்மேல், பீரோமேல், அண்ணியின் தலைமேல் விழுந்தன.

"இதப் பொறுக்கி அடுக்கவே எனக்குச் சாயங்காலம் ஆயிடும்" என்றாள் அண்ணி. "நீ கிளம்பு."

"அண்ணன் கேட்டா?"

"காத்து அடிச்சிதுன்னு சொல்றேன்."

"நான் போனா உங்கள இங்கயே உக்கார வச்சிடுவாரே அண்ணி."

"உக்கார வைக்கட்டும். உக்கார வச்சா நட்சத்திரம் வந்துடுமா?" அண்ணி முடியிலிருந்து ஒரு பட்டையை எடுத்துப் போட்டாள். "ரெண்டு பேரு இருந்தா இந்த வேலை வளந்துக்கிட்டேதான் போகும். நீ போனதும் எனக்கு மறந்துடும். ஒரு தடவை மறந்தவதானே நான். இந்தத் தடவை பெட்டியில எதையும் வைக்க மாட்டேன்."

சின்னவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் கொஞ்சம் நின்றாள். இத்தனை நாள் எழும்பாத கால் அது. பின்னால் ஃபேன் முனகியது, அண்ணி முட்டி போட்டுக்கொண்டு பட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. முதல் படியில் காலை வைத்தபோது அழுகை வந்தது. இரண்டாம் மாடி வரும்வரை அழுதாள். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

விடுதி அறை சின்னதுதான். ஜன்னலைத் திறந்தால் ஒரு மரமும் துணி காயப்போட்ட கயிறும் தெரிந்தன. வந்த நாளிலிருந்து அவள் ஃபேனை நிறுத்தவே இல்லை, குளிர் எடுத்தபோதுகூடப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அண்ணன் ஒரு தடவை ஃபோன் செய்தார். திட்டவில்லை. "நல்லா இருக்கியா?" என்றார், "இங்க பெரிய அவமானமாப் போச்சு" என்றார், வைத்துவிட்டார். அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால் ஒரு மத்தியானம் அண்ணி கூப்பிட்டாள். மெதுவாகப் பேசினாள்.

"எப்படி இருக்கீங்க அண்ணி?"

"இருக்கேன். உக்காந்துட்டுதான் இருக்கேன். உங்க அண்ணன் லீவு போட்டுட்டு எதிர்லயே உக்காந்து கண்ணுல எண்ணெய விட்டுக்கிட்டுப் பாக்கறாரு."

"வருதா?"

"எங்க வருது? எல்லாம் கையிலயே அவுந்து கொட்டுது. கடைக்காரர் வேற ஆளப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. இவரு விடமாட்டேங்கறாரு. வரும் வரும், உனக்கு வந்துதே, உக்காருன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு."

"ஒண்ணுகூடவா வரல?"

அண்ணி குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒண்ணு வந்துடுச்சு" என்றாள் அண்ணி. "நான் நினைக்கவே இல்ல, கை பாட்டுக்குப் போயிடுச்சு. ரொம்ப நல்லா வந்துச்சு. நீ பாத்திருந்தா அசந்து போயிருப்ப. இவரு தண்ணி குடிக்க எழுந்து போனாரு. திரும்பி வரதுக்குள்ள பிரிச்சிட்டேன்."

பிரித்த பட்டையில் மடிப்பு போகாதே, அதை எங்கே ஒளித்தீர்கள் என்று சின்னவள் கேட்க நினைத்தாள், கேட்கவில்லை.

"அங்க என்ன சத்தம்?" என்றாள் அண்ணி. "ஃபேனா?"

"ஆமா அண்ணி."

"ஃபோன வச்சிடாத. அவரு வர வரைக்கும் அப்படியே கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

சின்னவள் ஃபோனைக் கட்டில்மேல் நிமிர்த்தி வைத்தாள். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அவளும் உட்கார்ந்துகொண்டாள்.